சுமக்காத வளைவுகள்

திருமானூரில் நின்றுகொண்டு கட்டடங்களைப் பற்றி வாய் திறப்பதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர். இந்தப் பக்கம் திருமழபாடி. அரியலூர் ரோட்டில் போனால் கீழையூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில். மாவட்டத்தின் இன்னொரு மூலையில் கங்கைகொண்டசோழபுரம். போதாததற்கு, இதே திருமானூர் ஒன்றியத்தில்தான் ஏலாக்குறிச்சியும் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு சேசு சபைப் பாதிரியார், வீரமாமுனிவர், திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, அதற்கொரு கலம்பகமும் பாடிய ஊர்.

இவ்வளவு பாரம் உள்ள மண்ணில், கடந்த இருபது முப்பது வருடங்களில் எழுந்த கத்தோலிக்கப் பங்குக் கோயில்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொள்ளிடக் கரையிலும் சரி, தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் சரி, நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பொய் சொல்லும் கட்டடங்கள். அழகாக இல்லை என்பது என் புகாரே கிடையாது. சில பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, குறிப்பாக ட்ரோன் வீடியோவில். அவை தாங்கள் எதனால் ஆனவை, எங்கே நிற்கின்றன, யாருக்காக நிற்கின்றன என்ற மூன்று கேள்விக்கும் தவறான பதில் சொல்கின்றன என்பதுதான் புகார். ஒரு கல்யாண மண்டபம் அப்படிச் சொன்னால் மன்னித்துவிடலாம். உண்மையைப் பற்றியே பிரசங்கம் நடக்கிற இடம் சொன்னால்?

முதலில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிடுவோம். உங்களுக்கும் பழக்கமானதுதான். முகப்பில் இரண்டு கூர்கோபுரம். நடுவில் ரோஜாப்பூ மாதிரி ஒரு வட்ட ஜன்னல். வரிசையாகக் கூர்நுனி வளைவுகள். உள்ளே போனால் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் விலா எலும்பு போல வளைந்து போகும் கோடுகள், அவற்றின் ஓரத்தில் எல்.இ.டி. பட்டை. தரையில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். பீடத்துக்குப் பின்னால் தங்க பெயின்ட் அடித்த ஃபைபர் வேலைப்பாடு. வெளியே ஒரு ஓரத்தில் சிமென்ட் பாறைகளால் ஆன லூர்து மாதா கெபி. ஒவ்வொரு தூணிலும், ஒவ்வொரு ஃபேனிலும், ஒவ்வொரு பெஞ்சிலும் உபயதாரர் பெயர்.

இதைத்தான் ‘கோத்திக் ஸ்டைல்’ என்கிறார்கள். சரி, கோத்திக் என்றால் என்னவென்று பார்ப்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஃபிரான்சில் கொத்தனார்களுக்கு ஒரு பொறியியல் சிக்கல் இருந்தது. கல்லால் உயரமாகக் கூரை போட வேண்டும். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அரைவட்ட வளைவு போட்டால் அது தன் எடையைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவரைத் தடிமனாக்க வேண்டும். சுவர் தடித்தால் ஜன்னல் வைக்க முடியாது. ஜன்னல் இல்லையென்றால் அந்தக் குளிர்தேசத்து மங்கலில் உள்ளே இருட்டு. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கூர்வளைவு வந்தது. அது எடையைக் கூடுதலாகக் கீழ்நோக்கி இறக்கும். விலா வைத்த கூரை, எடையைக் குறிப்பிட்ட புள்ளிகளில் குவிக்கும். மிச்சமிருக்கும் தள்ளலை வெளியே நிற்கும் முட்டுச்சுவர்கள் வாங்கிக்கொள்ளும். சுவருக்கு வேலை குறைந்தது. அங்கே வண்ணக் கண்ணாடி வந்தது. பாரிசுக்குப் பக்கத்தில் சாந்தெனி மடாலயக் கோயிலின் பீடப் பகுதி 1144இல் அர்ச்சிக்கப்பட்டபோது உள்ளே நுழைந்தவர்கள் பார்த்தது, அதுவரை கல் கட்டடத்துக்குள் அவர்கள் பார்த்தே இராத வெளிச்சம். அந்த வெளிச்சத்தைக் கடவுளைப் பற்றிய பேச்சாகவே அதைக் கட்டிய மடாதிபதி சூழே எடுத்துக்கொண்டார். அதாவது, கோத்திக்கில் அலங்காரம் என்று நாம் நினைப்பதெல்லாம் வேலை செய்யும் உறுப்புகள். ஒரு வளைவை உருவினால் கூரை விழும்.

இப்போது நம்மூர்க் கோயிலுக்கு வாருங்கள். கூரையைத் தாங்குவது கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் பீமும். கான்கிரீட் அமுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், உள்ளிருக்கும் கம்பி இழுவிசையைப் பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டுத் தள்ளல் என்ற பிரச்சினையே இங்கே கிடையாது. எனவே வளைவுக்கு வேலையே இல்லை. ஆனாலும் பீமுக்குக் கீழே பிளைவுட் சென்டரிங் அடித்து, செங்கல்லை அடுக்கி, பூசி, ஒரு கூர்வளைவைச் ‘செய்கிறார்கள்’. அது எதையும் சுமக்கவில்லை. பீம்தான் அந்த வளைவைச் சுமக்கிறது. என் தொழிலில் இதற்கு டெட் கோட் என்று பெயர். நிரலில் இருக்கும், இயங்காது, எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நீக்கவும் பயம். வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் யாரும் டெட் கோடுக்கு ஊரைக் கூட்டி நன்கொடை வசூலிப்பதில்லை.

இங்கே ஒருவர் எழுந்து, “புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயில் கோத்திக்தானே? சாந்தோம்? திருச்சி லூர்து அன்னை கோயில்? அவையெல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. மூன்றுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வந்தவை. அவற்றின் உருவம் இறக்குமதிதான், காலனியக் காலத்தின் மிடுக்கும் அவற்றில் இருக்கிறது. ஆனால் அந்த வளைவுகளைக் கட்டியவர்கள் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நிஜமாகவே வளைத்து நிறுத்திய கைகள். அங்கே வளைவு வேலை செய்கிறது. மிளகாயும்தான் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் மண்ணில் முளைத்து, காய்த்து, நம் குழம்பாகிவிட்டது. வெளியூர்ப் பொருள் என்பதால் எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உத்தேசமில்லை. பிளாஸ்டிக் மிளகாயைக் குழம்பில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

*

பொய்யான வளைவால் யாருக்கு என்ன நஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிப் பூசைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

வட ஐரோப்பாவில் வெளிச்சம் அரிது. எனவே சுவரை ஜன்னலாக்கினார்கள். அரியலூர்ப் பக்கம் வெளிச்சம் அரிதா? மே மாதத்தில் இங்கே வெயில் கல்லைப் பிளக்கும். இந்த ஊருக்கு வேண்டியது நிழலும் காற்றும். நாமோ திறக்கவே முடியாத கண்ணாடியை உயரத்தில் பதித்து, வெயிலை உள்ளே விட்டு, காற்றை வெளியே நிறுத்திவிடுகிறோம். மேலே கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் கக்கும். ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றித் தலையில் இறக்கும். ஆண்களில் பாதிப்பேர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பூசை காண்பார்கள். சாமியார் இதைப் பக்திக்குறைவு என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது பிரசங்கத்தில் திட்டுவார். எனக்கென்னவோ, அந்தப் பங்கில் நடக்கும் ஒரே கட்டடக்கலை விமர்சனம் அதுதான் என்று தோன்றும். அவர்கள் நல்ல கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து அதன் கீழே நிற்கிறார்கள்.

அடுத்தது சத்தம். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் சாசனத்தை வெளியிட்டது. அதன் பிறகுதான் லத்தீன் பூசை தமிழ்ப் பூசையானது. சுவரோடு ஒட்டியிருந்த பீடம் முன்னால் நகர்ந்தது, குருவானவர் மக்களைப் பார்த்து நின்றார். பார்வையாளர்களாக இருந்தவர்கள் பங்கேற்பவர்களாக ஆக வேண்டும் என்பதுதான் அந்தச் சாசனத்தின் உயிர். இறைவார்த்தையை மக்கள் தங்கள் மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்க வேண்டும், கவனியுங்கள். தரை பளிங்குபோல் டைல்ஸ், சுவர் வழவழப்பான பூச்சு, மேலே ஜிப்சம். ஒலியை உறிஞ்ச ஒரு பரப்புகூட இல்லை. அதற்குள் ஆளுயர ஸ்பீக்கர்கள். வாசகம் படிக்கும் பெண் ஒரு சொல்லை முடிப்பதற்குள் முந்தைய சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அதன் மேல் ஏறிக்கொள்கிறது. தமிழுக்கு மாறிய பூசையை எதிரொலி மறுபடி லத்தீனாக்கிவிடுகிறது.

அதே சாசனம் கலையைப் பற்றியும் பேசுகிறது. திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு காலத்தின், ஒவ்வொரு மக்களின் பாணிக்கும் இடமுண்டு என்கிறது. வெறும் ஆடம்பரத்தைவிட உன்னதமான அழகைத் தேடச் சொல்கிறது. சுரூபங்களை மிதமான எண்ணிக்கையில் வைக்கச் சொல்கிறது. ஆக, கோத்திக்காகத்தான் கட்ட வேண்டும் என்று ரோமாபுரி சொல்லவில்லை. ரோம் அறுபது வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நாம்தான்.

*

இப்போது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இது நடப்பது அரியலூரில்.

அரியலூர் என்றால் சிமென்ட். லட்சக்கணக்கான வருடங்கள் அல்ல, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அதை வெட்டியெடுத்து எரித்துத்தான் அரசு ஆலையிலும் தனியார் ஆலைகளிலும் சிமென்ட் ஆகிறது. அந்தச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், லாரிப் புழுதியைச் சுவாசிப்பவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். உலகத்தில் சிமென்டைப் பற்றிப் பெருமையாகவோ வருத்தமாகவோ பேச உரிமை உள்ள ஒரு ஊர் உண்டென்றால் அது இதுதான். அந்த ஊரில் கட்டும் கோயிலில் சிமென்ட் தன்னை ஃபிரெஞ்சுக் கல் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது! லூர்து கெபியைப் பாருங்கள். பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் குகையும் சுண்ணாம்புப் பாறைதான். நம்மிடம் பூமிக்கடியில் அதே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதை எரித்துப் பொடியாக்கி, மூட்டையில் கட்டி, கடையில் வாங்கி, கம்பி வலையில் பூசி, சாம்பல் பெயின்ட் அடித்து, மறுபடி பாறை மாதிரி செய்கிறோம்.

கான்கிரீட்டால் புனிதமான இடத்தை உருவாக்க முடியாதா? முடியும். கான்கிரீட்டை மறைக்காமல் கட்டினால் முடியும். பாரிசுக்கு வெளியே லெ ரான்சியில் ஒகுஸ்த் பெரே 1923இல் கட்டி முடித்த மாதா கோயில், முதல் உலகப் போருக்குப் பிறகு கையில் காசில்லாத ஒரு பங்குக்காக எழுந்தது. பூசாத கான்கிரீட், ஒல்லித் தூண்கள், சுவர் முழுக்க அச்சில் வார்த்த கான்கிரீட் சல்லடை, அதில் வண்ணக் கண்ணாடி. கோத்திக்கின் வளைவைத் தொடாமல் அதன் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது அது. வெளிநாடு வேண்டாம் என்றால் புதுச்சேரிக்குப் போங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. கண்ணாடி ஜன்னலே கிடையாது. திறந்து மூடும் கான்கிரீட் பலகைகள் வழியாகக் காற்று கட்டடம் முழுக்க நடக்கும். அது கோயில் இல்லை, விடுதி. ஆனால் அதன் நடையில் நின்றால் யாரும் சொல்லாமலே குரல் தாழ்ந்துவிடும்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் லாரி பேக்கர் 1970களின் தொடக்கத்தில் கட்டிய லொயோலா சிற்றாலயம் இன்னும் நெருக்கமான உதாரணம். பூசாத செங்கல். சுவர் முழுக்கச் சல்லடையாகச் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கியிருப்பார். காற்று வரும், கூசாத வெளிச்சம் வரும், பெரிய கூட்டமும் உட்காரலாம், செலவும் குறைவு. இலங்கையில் பண்டாரவளையில் ஒரு கன்னியர் மடத்துக்காக ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அமைத்த சிற்றாலயம் மலைச்சரிவோடு சேர்ந்து, உள்ளூர்க் கல்லால் எழுந்தது. அதன் சிலுவைப்பாதையை வரைந்தவர் பார்பரா சன்சோனி என்ற இலங்கைக் கலைஞர். இவை எதுவும் கோடி கோடியாகக் கொட்டிய கட்டடங்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, ‘இந்த ஊரில் வெயில் எங்கிருந்து வரும், மக்கள் எங்கே உட்காருவார்கள், கையில் என்ன பொருள் இருக்கிறது’ என்று யோசித்திருக்கிறார். அவ்வளவுதான். நம் பங்குகளில் அந்த யோசனையின் இடத்தில் ஒரு வாட்ஸ்அப் படம் இருக்கிறது. “இதே மாதிரி கட்டிக் கொடுங்க, ஆனா கோபுரம் பத்தடி கூட இருக்கட்டும்.”

*

சுரூபங்களின் கதை இன்னும் வேடிக்கை, இன்னும் சோகம்.

நம் வீட்டுக் காலண்டரிலும் பீடத்திலும் இருக்கும் இயேசுவின் முகம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு, 1940இல் சிகாகோவில் வார்னர் சால்மன் என்ற விளம்பர ஓவியர் வரைந்த ஒரு படத்திலிருந்து. உலகம் முழுக்க ஐம்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சானதாகச் சொல்லப்படும் படம் அது. லூர்து மாதா சுரூபம் 1864இல் ஃபாபிஷ் என்ற ஃபிரெஞ்சுச் சிற்பி செதுக்கியதன் நகலின் நகலின் நகல். மாதாவைக் கண்டதாகச் சொன்ன பெர்னதெத் என்ற ஏழைப் பெண்ணுக்கே அந்தச் சிற்பம் திருப்தி தரவில்லை, தான் பார்த்தது இதையல்ல என்றாள். அவளே ஏற்காத முகத்தை நாம் அச்சில் வார்த்து, ரோஸ் கலர் அடித்து, ஊர் ஊராக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கலைஞர்களே இல்லையா? கொள்ளிடத்தைத் தாண்டி சுவாமிமலைக்குப் போனால், மெழுகில் உரு செய்து வெண்கலம் வார்க்கும் ஸ்தபதிகள் இன்றும் வேலை செய்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரி மரபில் கே.சி.எஸ். பணிக்கரும் அல்போன்சோ தாஸும் இயேசுவை வரைந்திருக்கிறார்கள், எஸ். தனபால் சிற்பமாக்கியிருக்கிறார். கோவாக்காரரான ஆஞ்சலோ த ஃபொன்சேகா நூறு வருடத்துக்கு முன்னால் பிறந்து, மரியாளைச் சேலையில் வரைந்து, அதற்காகவே சொந்த ஊரில் திட்டு வாங்கினார். இத்தனை பேர் இருந்தும் ஒரு பங்குப் பேரவை சுரூபம் வாங்கப் போவது எங்கே? கேட்லாக் வைத்திருக்கும் கடைக்கு. மூன்றடி, ஐந்தடி, ஏழடி. ஃபைபர், உடையாது, கழுவலாம்.

உயரத்தின் மேல் உள்ள மோகம் தனி வியாதி. ஏலாக்குறிச்சியிலேயே இப்போது 53 அடியில் ஒரு மாதா சுரூபம் நிற்கிறது. ஜெபமாலையின் மணிக்கணக்கும் 53. எண் பொருந்திவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அதே ஊரில் வேறொரு அளவுகோலும் இருந்தது என்பதை மறக்கிறோம்.

வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர், முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். அவர் நினைத்திருந்தால் தன் ஊர்த் தேவாலயத்தின் சின்னப் பிரதி ஒன்றைக் கொள்ளிடக் கரையில் நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அது ஊர் ஞாபகம், யாரும் குறை சொல்ல முடியாது. அவர் செய்தது வேறு. தேம்பாவணியில் 3615 பாடல்களில் சூசையப்பரின் கதையைச் சொல்ல வந்தவர், முதலில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடி, யூதேயாவுக்கு மருதநிலத்தைக் கொடுத்தார். அங்கே நெல் விளைந்தது, நீர் பாய்ந்தது. கோனான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்கும் அதே பெயர்தான். அங்குள்ள சுரூபத்துக்குத் தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் தானே படம் வரைந்து, மயிலை ஆயர் வழியாக மணிலாவுக்கு அனுப்பிச் செய்வித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் இத்தாலியர் பாலஸ்தீனத்தைக் காவிரி நாடாக்கினார். இருபத்தியோராம் நூற்றாண்டில் நாம், காவிரி நாட்டை மலிவான இத்தாலியாக்கிக்கொண்டிருக்கிறோம். அவருக்குச் சிலை வைத்து மாலை போட்டுவிட்டால் இந்தக் கணக்கு சரியாகிவிடுமா?

*

இந்த இடத்தில் சிலர் குதூகலமாகிவிடுவார்கள் என்று தெரியும். “அப்படிச் சொல்லுங்க! கோத்திக் வேண்டாம், நம்ம திராவிடப் பாணிதான். கொடிமரம், விமானம், தாமரைத் தூண், குத்துவிளக்கு.” கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குறுக்குவழியும் எனக்கு உடன்பாடில்லை.

அந்த முயற்சிக்கு மதிப்புமிக்க வரலாறு உண்டு. 1950இல் மோன்சானினும் லெ சோவும் குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அமலோர்பவதாஸ் பெங்களூரிலிருந்து இந்திய வழிபாட்டுக்காக உழைத்தார். ஆரத்தி வந்தது, சம்மணமிட்டு அமர்ந்து பூசை வந்தது. நல்ல மனசோடு செய்தவர்கள்தான். ஆனால் ‘இந்தியக் கலாச்சாரம்’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ஆகமமும் உபநிடதமும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பெரும் பகுதி தலித்துகள். எந்த விமானத்தின் கீழே அவர்களின் பாட்டனுக்கு நுழைய அனுமதி இல்லையோ, அதே விமானத்தைக் கட்டி, “இதோ உங்கள் பண்பாடு” என்றால் அவன் என்ன சொல்லுவான்? ஆகமக் கோயிலின் வரைபடமே யார் எதுவரை வரலாம் என்று சொல்லும் வரைபடம். கர்ப்பகிரகம், அர்த்த மண்டபம், மகா மண்டபம், அதற்கப்புறம் தெரு, அதற்கப்புறம் சேரி. பறையின் இடம் அதில் வெளியே. விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வரைபடத்தை விட்டுவிட்டோம் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

அதற்காகக் கிறிஸ்தவக் கட்டடம் யோக்கியம் என்றும் சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சாதிச் சண்டைக்குத் தீர்வாக ஒரு கட்டட வரைபடம் போட்டார்கள். பீடத்தில் மட்டும் இணையும் இரண்டு தனித்தனிக் கூடங்கள், நடுவே சுவர். இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் தெரியமாட்டார்கள், சாமியார் மட்டும் எல்லாருக்கும் தெரிவார். கால்சட்டை வடிவம் என்று கிண்டல் செய்யப்பட்ட அந்தக் கோயிலின் சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, இடித்தது தப்பு என்று ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது 1992இல். 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கச் சொல்லிக் கேட்டதில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். கோயில், கல்லறை, தேர் போகும் தெரு. எல்லாமே கட்டடக்கலைக் கேள்விகள்தான். வரைபடத்தில் ஒரு கோடு எங்கே விழுகிறது என்பது யாருடைய மானத்தின் மேல் விழுகிறது என்பதும்தான்.

ஆக, பாணி எது என்ற சண்டையை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கோயிலின் தரைப்படம் என்ன சொல்கிறது என்பது. மக்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நீளமாக உட்காருகிறார்களா, பீடத்தைச் சுற்றி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய உட்காருகிறார்களா? முன்வரிசை யாருக்கென்று எழுதப்படாத சட்டம் இருக்கிறதா? சேரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வாசல் முகப்பிலா, பக்கவாட்டிலா? திருவிழாவுக்குத் தேர் வந்தால் எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது? ரோஜா ஜன்னலை வைத்தாலும் தாமரைத் தூணை வைத்தாலும் இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கும்.

*

கடைசியாக ஒரு எதிர்வாதம். இதற்குத்தான் உண்மையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. “மக்கள் இதைத்தானே விரும்புகிறார்கள்? கூரை வீட்டில் பிறந்தவன், சிங்கப்பூரிலும் துபாயிலும் கஷ்டப்பட்டுச் சம்பாதித்து, என் கோயில் மாளிகை மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டால், உன் செங்கல் அழகியலைத் தூக்கிக்கொண்டு வந்து அவனுக்கு எளிமையைப் போதிப்பியா?”

போதிக்க மாட்டேன். ஏழைக்கு எளிமை போதும் என்று சொல்வது ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனின் திமிர். மாளிகை கேட்பது நியாயம். நூறு குடும்பம் பத்து வருஷம் ஒரு போகத்துக் காசை எடுத்து வைத்துக் கட்டுகிற கட்டடம் ஊரிலேயே பெரியதாக, நெஞ்சு நிமிரச் செய்வதாக இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் காசுக்கு அவர்களுக்குக் கிடைப்பது மாளிகையா? மாளிகையின் படம். ஜிப்சம் கசிவில் ஊதி விழும். ஃபைபர் வெயிலில் வெளுத்துவிடும். தங்க பெயின்ட் கறுத்துப்போகும். கொஞ்ச வருஷத்தில் ‘புதுப்பிக்க’ வேண்டும், மறுபடி வசூல். உண்மையான உயரம், உண்மையான நிழல், உண்மையான கை வேலை, தேய்ந்தாலும் அழகாகத் தேயும் பொருள், இவைதான் பணக்காரர்கள் தங்களுக்கென்று வாங்கிக்கொள்ளும் ஆடம்பரங்கள். அவற்றை ஏழைகளின் கோயிலுக்குக் கேட்கிறேன். மக்கள் விரும்புவதைக் கொடுக்கிறோம் என்று சொல்கிறவர்கள், மக்களுக்கு இரண்டாவதாக ஒரு படத்தைக் காட்டினார்களா? ஒரே ஒரு உணவு இருக்கும் ஓட்டலில் எல்லாரும் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இன்னொன்று, புதியது கட்டுவதற்காக இடிக்கப்படுபவை. நூறு, நூற்றைம்பது வருடத்துக் கோயில்கள், சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, பர்மாத் தேக்கு. வவ்வால் அடைந்துவிட்டது, ஒழுகுகிறது, சின்னது என்று சொல்லி ஜேசிபி வைத்துவிடுகிறார்கள். அளந்து ஒரு வரைபடம்கூட எடுத்து வைப்பதில்லை. அரசுத் தொல்லியல் பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு இங்கே சாட்சி சொல்ல ஆளில்லை. சரித்திரம் அழிகிறது என்று கோயில் கோபுரத்துக்குச் சிமென்ட் பூசுவதைப் பார்த்துக் கொதிக்கிற நம் இலக்கிய நண்பர்கள், பக்கத்துத் தெருவில் மாதா கோயில் இடிக்கப்படும்போது அது ‘அவங்க விவகாரம்’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஊரில் யாரும் அதைத் தேவாலயம் என்று சொல்வதில்லை, கோயில் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் உரிமை நம்முடையதும்தான்.

இதைப் படிப்பவர்களில் சிலர் ஏதோ ஒரு பங்கின் பிள்ளைகளாக இருப்பீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள். ஊரிலிருந்து போன் வரும், “கோயில் கட்டுறோம், உன் பங்கு இவ்வளவு.” கொடுங்கள். ஆனால் ஜிபே பண்ணுவதற்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். பழைய கோயிலை அளந்து, படம் எடுத்து வைத்துவிட்டீர்களா? கட்டடக்கலை படித்த ஒருவர் ஏப்ரல் மத்தியானத்தில் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாரா, இல்லை எலிவேஷன் படம் நேரே வாட்ஸ்அப்பில் வந்ததா? சுரூபத்தைச் செய்யப்போகும் ஆளுக்குப் பெயர் இருக்கிறதா, கேட்லாக் நம்பர் மட்டும்தானா? தெற்குத் தெருக்காரர்கள் எந்த வாசல் வழியாக வருவார்கள்? கல்வெட்டில் உபயதாரர் பெயருக்குக் கீழே, கம்பி கட்டிய கொத்தனார், சித்தாள் பெயர் ஒன்றாவது வருமா? பதில் வரும்வரை பணத்தை நிறுத்தி வையுங்கள். பங்குப் பேரவையில் முணுமுணுப்பார்கள், படிச்ச திமிர் என்பார்கள். பரவாயில்லை. இந்த வாதங்களையெல்லாம்விட, நின்றுபோன ஒரு நன்கொடைக்கு அங்கே காது அதிகம்.